படிமமும் பாடமும்: எண்ணிம நூலகமும் எழுத்துணரியும் பற்றிய ஒரு மதிப்பீடு

1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அந்நாள்களிலேயே தீக்கிரையானது. ஒரு நூலின் ஒரே பிரதி ஒரே கட்டடத்தில் இருப்பது எத்துணை ஆபத்தானது என்பதை ஈழத்தமிழர் இவ்வாறே உணர்ந்தனர். 2005 ஆம் ஆண்டில் தன்னார்வலர் முயற்சியாகத் தொடங்கப்பெற்ற 'நூலகம்' எண்ணிம நூலகத்தின் பெறுமதியை இவ்விழப்பின் பின்னணியிலேயே மதிப்பிடுதல் வேண்டும். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் எனப் பெருந்தொகையானவை மின்வருடப்பெற்று, உலகின் எப்பகுதியிலிருந்தும் எவரும் கட்டணமின்றிப் படிக்கத்தக்கனவாயின. காப்பு என்ற நோக்கில் இப்பணி வெற்றி பெற்றுள்ளது என்பதில் கருத்து வேறுபாடு இருத்தற்கில்லை.

ஆயின், காத்தல் வேறு, பயன்கொள்ளல் வேறு. மின்வருடிய பக்கம் கணினியைப் பொறுத்தவரை ஓர் ஒளிப்படமே. அதில் எழுத்து இல்லை. கருமையும் வெண்மையுமான புள்ளிகளே உள. 'மல்லிகை'யின் பழைய இதழ்களில் ஒரு சொல்லாட்சி எவ்வாறு மாறிவந்தது என அறிய விரும்பும் மாணவர் பக்கம் பக்கமாகப் புரட்டியே ஆதல் வேண்டும். படிமத்தைப் பாடமாக்கும் கருவியே எழுத்துணரி. அவற்றுள் பலரும் கையாளும் ரெசரக்ற் என்னும் மென்பொருள் 1985 தொடக்கம் ஹியூலற் பக்கார்ட் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு, 2005 இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. 2018 இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பு நரம்பு வலையமைப்பு முறையைக் கைக்கொண்டது. எண்ணிம நூலகத்தின் பல ஆவணங்களுடன் இத்தகைய எழுத்துணரியாக்கப் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளமை குறிப்பிடத்தக்கது.

இப்பிரதிகளின் நம்பகத்தன்மையே ஈண்டு ஆராயற்பாலது. மேற்சொன்ன மென்பொருள் பெரிதும் கணினி எழுத்துருக்களால் ஆக்கப்பெற்ற வரிகளைக் கொண்டு பயிற்றப்பட்டது. ஈழத்துப் பழைய அச்சோ வேறு வகையினது. 1978 ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் தமிழ்நாட்டு அரசின் ஆணையால் வந்தது. இலங்கை அச்சகங்களில் ணை, லை, னை, றா, னா முதலியவற்றின் பழைய கூட்டு வடிவங்கள் அதன் பின்னரும் நெடுநாள் வழங்கின. தேய்ந்த அச்செழுத்து, மை ஊறிய மலிவுத்தாள், பத்தி பிரித்த பத்திரிகைப் பக்கம் என்பனவும் சேரும்போது கருவி தடுமாறுதல் இயல்பே.

இத்தடுமாற்றம் தமிழுக்குப் புதியதன்று. ஏட்டில் புள்ளி இடப்பெறுவதில்லை; எகர ஏகார வேறுபாடு காட்டப்படுவதில்லை; காலும் ரகரமும் ஒத்திருக்கும். 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை முதலானோர் பல ஏடுகளை ஒப்புநோக்கி, ஐயுற்ற இடங்களை ஆராய்ந்து பாடம் தேர்ந்தனர். ஐயத்தை மறைக்காது காட்டுதலே பதிப்பாசிரியரின் நேர்மையாகும். எழுத்துணரியும் ஒவ்வொரு சொல்லைப் பற்றியும் தனது உறுதிப்பாட்டின் அளவை உள்ளே கணித்துக்கொள்கின்றது. ஆனால் வெறும் உரைக்கோப்பாக வெளியிடும்போது அக்கணிப்பு விடுபட்டுப்போகின்றது. விளைவாக, ஐயத்துக்குரிய சொல்லும் உறுதியான சொல்லும் ஒரே தோற்றத்துடன் வாசகர் முன் நிற்கின்றன.

இதனால் ஆய்வுலகிற்கு நேரக்கூடிய தீங்கு சிறிதன்று. பிழையாக உணரப்பட்ட சொல் தேடலில் அகப்படாது. 'தேடியபோது கிடைக்கவில்லை' என்பது காலப்போக்கில் 'அக்காலத்தில் வழங்கவில்லை' என்ற முடிபாக மாறிவிடும். தெளிவான அச்சில் வந்த நூல்கள் மேன்மேலும் மேற்கோளாகும். மங்கிய தாளில் வந்த சிற்றிதழ்கள் இருந்தும் இல்லாதனவாகும். தீயில் அழிந்தது அழிந்தது எனத் தெரியும். தேடலில் அழிவது தெரிவதில்லை.

அண்மையில் பரவிவரும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைக் கொண்டு பிழைதிருத்தலாமே எனச் சிலர் கருதுவர். இம்மாதிரிகள் பெருவழக்கான சொற்றொடரை நோக்கிச் சாயும் இயல்பின. வடலி, கதியால், சங்கடப்படலை போன்ற யாழ்ப்பாண வழக்குகளை அவை பிழையெனக் கொண்டு, பழகிய வேறொரு சொல்லை இடக்கூடும். எழுத்துணரியின் பிழை பொருளற்ற எழுத்துக்கூட்டமாகத் தோன்றித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மாதிரியின் பிழையோ பொருளுள்ள நல்ல தமிழாகவே அமைந்து வாசகரை ஏமாற்றும். பின்னையதே கொடிது.

இத்துணைப் பெருந்தொகையை மெய்ப்புப் பார்க்க ஆள்பலம் எங்குள்ளது என்ற வினா நியாயமானதே. பிழையுள்ள பாடமேனும் இல்லாமையினும் மேல் என்பதும் ஓரளவு உண்மையே. ஆயினும், 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பல நாடுகளில் வாழும் தன்னார்வலரைக் கொண்டே தமிழிலக்கியங்களைத் தட்டெழுதி மெய்ப்புப் பார்த்து வழங்கியது. தமிழ் விக்கிமூலத்தில் பக்கப் படிமமும் பாடமும் அருகருகே வைக்கப்படுகின்றன. மெய்ப்புப் பார்க்கப்பட்ட பக்கம் எது, பார்க்கப்படாதது எது என்பது நிறத்தாற் புலப்படுத்தப்படுகின்றது. முழுமை பெறாமை குற்றமன்று. முழுமை பெறாததைச் சொல்லாமையே குற்றம் என்ற தெளிவு இம்முறையில் உண்டு.

ஆகவே, எண்ணிம நூலகத்தின் அடுத்த கட்டப் பணி வருடிய பக்கங்களின் தொகையை மட்டும் கூட்டுவதாக அமைதல் போதாது. ஒவ்வோர் எழுத்துணரியாக்கப் பிரதியும் எந்நிலையிலுள்ளது என்பது அதன் தலைப்பிலேயே குறிக்கப்படல் வேண்டும். படிமத்துடன் ஒப்பிடாது அதனை மேற்கோளாக்கும் வழக்கம் ஆய்வேடுகளில் ஏற்கப்படலாகாது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் பயிற்சியின் ஒரு கூறாகப் பழைய சஞ்சிகை இதழ் ஒன்றனை மெய்ப்புப் பார்த்தளித்தால், சில ஆண்டுகளில் நம்பத்தகுந்த பாடத்தொகுதி ஒன்று உருவாகும். பழைய எழுத்து வடிவங்களைக் கருவிக்குப் பயிற்றுதற்கும் அதுவே மூலப்பொருளாகும். ஏடு தேடி ஊரூராக அலைந்த பதிப்பாசிரியருக்குக் கிட்டாத வசதி இத்தலைமுறைக்குக் கிட்டியுள்ளது. அவர்தம் ஐயுறும் பண்பும் உடன் கைக்கொள்ளப்பட்டாலன்றி அவ்வசதி புலமையாகாது.