சொட்டாத புல்லட்

பிரித்துப் பூட்டிய பழைய புல்லட் எஞ்சினை என்னிடம் யாராவது பெருமையாகக் காட்ட வந்தால், உதைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்பேன். கிராங்க் கேஸின் இரு பாதிகளும் சேரும் கோட்டைத் துணியால் துடைத்துக் காட்டினால் போதும். அந்தக் கோடு நெடுக சிவப்பு சிலிக்கான் பிதுங்கிக் காய்ந்திருந்தால், பூட்டியவர் பயந்துகொண்டே பூட்டியிருக்கிறார். நகத்தால் வருடினால் மட்டும் தட்டுப்படுகிற மயிரிழைக் கோடு என்றால், அது தேர்ந்த கை.

திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய கதையில் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடிய வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட்டைத்தான் சொல்கிறேன். “ஆயில் ஒழுகலேன்னா உள்ளே ஆயில் இல்லேன்னு அர்த்தம்” என்று அதைக் கேலி செய்வார்கள். கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் வரைந்த வடிவம் அது. கேஸ் நடுவே நெட்டுக்குப் பிளந்தது. அந்த மூட்டுக்குப் பேக்கிங் கிடையாது. அலுமினியத்தின் மேல் அலுமினியம், இடையில் ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். 1969-ல் வந்த ஹோண்டா சிபி750-ல் கேஸைப் படுக்கைவாட்டில் பிளந்திருந்தார்கள்; அடியில் தேங்கும் ஆயிலுக்கு மேலேயே மூட்டு முடிந்துவிடும். புல்லட்டுக்கு அந்தச் சலுகை வாய்க்கவில்லை. அதைச் சொட்டாமல் பூட்டுவது ஒரு கலையாக நிலைத்ததற்கு அதுவே காரணம்.

பசை டியூபைத் திறப்பதற்கு வெகுநேரம் முன்பே, பிரிக்கும்போதே வேலையின் தரம் முடிவாகிவிடுகிறது. கேஸ் வர மறுத்தால் ஸ்குரூடிரைவரை இடுக்கில் செருகி நெம்புகிறவர் அங்கேயே தோற்றுவிட்டார். அவர் போட்ட ஒரு கீறல் போதும், ஆயிலுக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. தெரிந்தவர் நெம்ப மாட்டார். கழற்றாமல் விட்ட போல்ட் எது என்று தேடுவார்; பிறகு மரச்சுத்தியால் சுற்றிலும் லேசாகத் தட்டுவார். எனக்கு அந்தச் சத்தமே பிடிக்கும்.

அடுத்து வருவதுதான் நான் நின்று பார்க்கிற இடம். பழைய பூச்சை மொட்டைப் பிளேடால் சுரண்டி, தின்னரால் துடைத்த பிறகு மூட்டின் முகம் பார்வைக்குச் சமமாகத்தான் இருக்கும். ஆனால் வருடக்கணக்காகப் போல்ட்டை முறுக்கி முறுக்கி, ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் அலுமினியம் இம்மியளவு மேலே இழுபட்டிருக்கும். மெக்கானிக் ஆயில் கல்லை மட்டமாக வைத்து, அழுத்தாமல், எட்டுப் போடுவது போல் இரண்டு சுற்று ஓட்டுவார். துளைகளைச் சுற்றி மட்டும் சின்னச் சின்ன வளையங்களாகப் பளபளப்பு எழும். இத்தனை நாள் இரு முகங்களையும் ஒட்டவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தவை அந்த மேடுகள்தான். வளையங்கள் கரையும்வரை தேய்த்துவிட்டுக் கல்லை எடுத்துவிடுவார்.

எடுத்துவிடுவதும் கைத்திறமைதான். பக்கவாட்டுக் கவரைக் கண்ணாடிமேல் எமரி ஒட்டித் தாராளமாகத் தேய்க்கலாம். கேஸ் பாதிகளை அப்படித் தேய்த்தால் உள்ளே கிராங்கின் பக்கவாட்டு இடைவெளியே மாறிவிடும்.

பசையைப் பொறுத்தவரை என் கட்சி கஞ்சத்தனம். மெக்கானிக்குகள் பலர் அனாபாண்ட் என்றே குறிப்பிடும் சிலிக்கானை ஒரு முகத்தில் மட்டும், விரல் நுனியால் படலமாகத் தடவினால் போதும். வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. உள்ளே தொங்கும் அந்தப் புழு ஒருநாள் அறுந்து ஆயில் வழியை அடைத்தால், ஒழுகலே தேவலை என்று ஆகிவிடும்.

பேக்கிங் கிடைக்காதபோது கையால் வெட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேக்கிங் ஷீட்டைக் கவர்மேல் விரித்து, துளையின் வாயில் ஒரு பேரிங் குண்டை வைத்து ஒரு தட்டுத் தட்டினால், காகிதவட்டு சுத்தமாக உள்ளே விழும். பிசிறே இருக்காது.

முறுக்குவதில் எல்லோரும் செய்கிற தவறைக் காட்ட இடதுபக்கச் செயின் கேஸ் ஒன்றே போதும். அத்தனை பெரிய கவர், சுற்றிலும் ரப்பர் சீல், பிடிப்பதற்கு நடுவில் ஒரே ஒரு நட்டு. ஒழுகினால் இன்னும் கொஞ்சம் முறுக்கலாம் என்றுதான் கை போகும். முறுக்க முறுக்கக் கவர் வளைந்து ஓரம் தூக்கும், ஒழுகல் கூடும். ரப்பரை ஒழுங்காக உட்கார வைத்து, அது அமுங்கியதும் ஸ்பேனரை நிறுத்துகிறவரைப் பார்த்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

இதையெல்லாம் பழுதில்லாமல் செய்தும் சில எஞ்சின்கள் ஒழுகும். அங்கேதான் தேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் பிரிகிறார்கள்.

“அண்ணே, திரும்பவும் ஆயில் அடிக்குது.”

“பேக்கிங்க விடு தம்பி. பிரீதர் டியூப கழட்டு.”

346 சிசி எஞ்சின். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் ஏறக்குறைய அவ்வளவு காற்றைக் கேஸுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 தடவை. ஒற்றை சிலிண்டர் என்பதால், எதிர்த்திசையில் ஏறி அதை ஈடுகட்ட இன்னொரு பிஸ்டன் இல்லை. அந்தக் காற்று வெளியேறும் வழிதான் பிரீதர்; அதில் வாத்து அலகு போன்ற ஒரு ரப்பர் வால்வு உண்டு: வெளியே விடும், உள்ளே விடாது. வெயிலிலும் சூட்டிலும் அது விறைத்து ஒட்டிக்கொண்டாலோ டியூப் மடங்கிக் கிடந்தாலோ, காற்று தனக்கு வேறு வழி தேடும். இருப்பதிலேயே பலவீனமான மூட்டு வழியாக ஆயிலையும் கூட்டிக்கொண்டு வரும். ரிங் தேய்ந்த எஞ்சினில் எரிந்த வாயுவும் சேர்ந்துகொள்ளும். கேஸை மூன்று முறை பிரித்துப் பூட்டினாலும் தீராத ஒழுகல், சில ரூபாய் ரப்பர்த் துண்டில் நின்றுபோவதை இதனால்தான் பட்டறைகளில் பார்க்க முடிகிறது.

இன்னொன்றும் உண்டு, அதற்கு எதையுமே கழற்ற வேண்டியதில்லை. புல்லட்டின் ஆயில் டாங்க், கேஸின் பின்பக்கத்திலேயே வார்த்த ஓர் அறை. வண்டி வாரக்கணக்கில் நின்றால், ஆயில் பம்ப் வழியாக மெல்ல இறங்கி கிராங்கின் அடியில் தேங்கும். ஸ்டார்ட் செய்ததும் தேங்கியது பிரீதர் வழியே பீச்சும். வண்டிக்காரர் பதறிக்கொண்டு பட்டறைக்கு ஓடிவருவார். நல்ல மெக்கானிக் ஸ்பேனரை எடுக்காமல், “எத்தனை நாளா வண்டிய எடுக்கல?” என்று கேட்பார்.