ஆளைப் பிடிப்பது

டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பையன் படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நின்றால், வீட்டில் முதலில் எழும் கேள்வி, 'யாரைப் பிடிக்கலாம்?' என்பதுதான். திருமங்கலத்தில் ஓர் ஆடிட்டர் இருப்பார், மதுரையில் ஒரு வக்கீல் இருப்பார். நேரே போய் அவர் முன்னால் நிற்பது வழக்கமில்லை. அவருக்கு வேண்டிய ஒருவரைப் பிடிக்க வேண்டும். அந்த ஒருவர் பையனைக் கூட்டிக்கொண்டு போய், "அண்ணே, நம்ம பையன்தான், ஒரு வழி பண்ணி விடுங்க" என்று சொல்ல வேண்டும். பையன் வாய் திறக்க வேண்டியதே இல்லை, கையைக் கட்டி நின்றால் போதும். அவன் என்ன படித்தான், எதில் பிரியம் என்பதெல்லாம் டீ வந்த பிறகுதான். 'எந்த ஊரு, யாரு மகன்' என்பது டீ வருவதற்கு முன்பே முடிந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் கூட்டிக்கொண்டு போகிறவர் ஆளல்ல, பள்ளிக்கூடம். "சேர், நான் இந்துக் கல்லூரி. ஒருக்காக் கதைக்கோணும்" என்றால் மறுமுனையில் குரல் இளகும். எந்த வருசம், எந்த வாத்தியாரிட்டப் படிச்சனீர் என்று பேச்சு ஓடும். அங்குள்ள பெரிய பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்களுக்குக் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் கிளைகள் உண்டு. முப்பது வயது மூத்த ஒருவரை முன்பின் தெரியாமலே அணுக அந்தப் பெயர் ஒன்றே போதுமான சீட்டு. நம் பக்கத்திலும் முன்னாள் மாணவர் சந்திப்பு நடக்கிறது. பெரும்பாலும் அது ஒரே வருடத்துக்காரர்கள் பிரியாணி சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு முடிகிறது. மூத்தவரும் இளையவரும் அதில் சந்திப்பதே இல்லை.

ஊர்ப் பெயரைவிடப் பள்ளிப் பெயர் நாகரிகமானது என்று சொல்ல எனக்கு மனமில்லை. 'நம்ம பையன்' என்ற சொல்லுக்குள் சாதி ஒளிந்திருப்பது மதுரைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தின் பெயர்பெற்ற பள்ளிகளுக்குள் யார் நுழைய முடிந்தது, யார் வெகுகாலம் வாசலிலேயே நின்றார்கள் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். சீட்டின் நிறம்தான் வேறு.

வக்கீல் தொழிலில் இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசம் சட்டமாகவே நிற்கிறது. இலங்கையில் சட்டக் கல்லூரி இறுதித் தேர்வை முடித்தவர், சத்தியப் பிரமாணம் எடுப்பதற்கு முன் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் சில மாதங்கள் பயிற்சி பெற்றே ஆகவேண்டும். மூத்தவரைத் தேடிப் போவது அங்கே விதி. இந்தியாவிலும் அப்படி ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தார்கள். 1995இல் இந்திய பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சி விதியை வகுத்தது, 1999இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆகவே இன்று ஒருவர் பதிவு செய்த மறுநாளே தனியாக வழக்கு நடத்தலாம். நடத்துகிறவர்தான் இல்லை. எல்லோரும் ஒரு சீனியரைத் தேடுகிறார்கள். 2004இல் உயர் நீதிமன்றக் கிளை மதுரைக்கு வந்தபின், டி. கல்லுப்பட்டிப் பக்கத்துப் பையன்கள் அதற்காகச் சென்னைக்குப் பெட்டி கட்ட வேண்டியதில்லை.

விதி இல்லாத இடத்தில் தயவு வந்து உட்காருகிறது. 'சேர்த்துக்கிட்டார்' என்பதுதான் நம் ஜூனியர்கள் சொல்லும் சொல். ஒருவர் மனம் வைத்துச் சேர்த்துக்கொண்டதால் சம்பளம் கேட்கக் கூச்சம், விலகக் கூச்சம், வேறு சீனியரிடம் ஒரு சந்தேகம் கேட்கக்கூடக் கூச்சம். ஜூனியர்களுக்கு மதுரை, சென்னை, கோவை நகரங்களில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தரவேண்டும் என்று 2024இல் உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. இலங்கை விதி பல இடங்களில் வெறும் கையெழுத்துச் சடங்காகிவிடக் கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கூட்டிக்கொண்டு போக ஆளில்லாத முதல் தலைமுறைப் பையனுக்கு, 'விதி இருக்கிறது சேர், அதற்காக வந்தேன்' என்று சொல்ல முடிகிற இடம் எவ்வளவோ மேல்.

இதையெல்லாம் டி. கல்லுப்பட்டியிலிருந்து யோசிக்க ஒரு காரணம் உண்டு. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையிலுள்ள இந்த ஊரின் காந்தி நிகேதன் ஆசிரமத்தை 1940இல் கோ. வேங்கடாசலபதி தொடங்கினார். தம் கடைசி ஆண்டுகளை அங்கே கழித்தவர் காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா. ஆளைப் பிடிக்காமலே குருவைப் பிடித்தவர் அவர்.

1892இல் தஞ்சாவூரில் பிறந்த அவர் லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர், பம்பாயில் சொந்தமாக ஆடிட் நிறுவனம் நடத்தியவர். பிறகு அமெரிக்கா போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியும் இந்திய வறுமையும் பற்றி ஆய்வு எழுதினார். அதை அச்சிட வேண்டும், காந்தியிடம் காட்டினால் நல்லது என்று யாரோ சொல்ல, 1929 மே மாதம் சபர்மதிக்குப் போனார். மேல்நாட்டு உடுப்பு, கையில் பிரம்பு. மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி என்பது பேசிய பிறகே தெரிந்தது.

'எனக்கு வழிகாட்டுங்கள்' என்று குமரப்பா கேட்கவில்லை. கட்டுக் காகிதத்தைக் கொடுத்தார். காந்தியும் அறிவுரை சொல்லவில்லை. அதைத் தம் 'யங் இந்தியா' இதழில் தொடராகப் போடலாம் என்றார், குஜராத் கிராமம் ஒன்றில் பொருளாதாரக் கணக்கெடுப்புச் செய்ய முடியுமா என்று கேட்டார். குஜராத்தி தெரியாதே என்ற தயக்கம் குமரப்பாவுக்கு இருந்தது. அந்தக் கணக்கெடுப்புக்காகக் குஜராத் வித்யாபீடத்தில் பொறுப்பிலிருந்த காகா காலேல்கரைப் பார்த்தபோது அங்கேயும் அதே தயக்கம். குமரப்பா பம்பாய்க்குத் திரும்பியே விட்டார். பிறகுதான் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகா ஆய்வு 1931இல் புத்தகமானது. 1934இல் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. ஒரு வேலையோடு போனவர் அதைவிடக் கடினமான வேலையோடு திரும்பினார். அந்த உறவு அப்படித்தான் தொடங்கியது.

குமரப்பா போவதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால், 1927 நவம்பரில், காந்தி யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தார். அவரை அழைத்தது ஓர் அமைப்பு. ஹண்டி பேரின்பநாயகமும் தோழர்களும் 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் அது. பள்ளிக்கூட வாசலில் பிறந்த இயக்கம், குருவைத் தேடிப் போகாமல் தன் மண்ணுக்கே வரவழைத்துவிட்டது. இங்கே தனி ஆள் ரயிலேறிப் போகிறார், அங்கே கூட்டமாகக் கூடிக் கூப்பிடுகிறார்கள். நாம் அங்கிருந்து கற்க வேண்டியது பழைய மாணவர் சங்கத்தைவிட இதைத்தான் என்று எனக்குத் தோன்றும். ஐந்து பையன்கள் சேர்ந்து ஒரு பெரியவரை ஒரு மாலைக்கு அழைத்தால், யாரும் யாருக்கும் கடன்படுவதில்லை.

குமரப்பா பிறந்த அதே 1892இல் மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் பிறந்தவர் தமிழறிஞர் விபுலாநந்தர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வை எழுதித் தேறினார். இலங்கையிலிருந்து அதில் தேறிய முதல்வர் அவரே என்பார்கள். மதுரைச் சங்கத்தின் கதவைத் திறக்க அவருக்கு மாமன் மச்சான் தேவைப்படவில்லை, தேர்வுத் தாள் போதுமாக இருந்தது. ஆனால் அவர் வாழ்க்கையைத் திருப்பியது தேர்வல்ல. யாழ்ப்பாணத்துக்கு வந்த ராமகிருஷ்ண மடத்துச் சர்வானந்தரின் தொடர்பு அது. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்தவர் 1922இல் அந்த நாற்காலியை விட்டுவிட்டுச் சென்னை மடத்தில் சேர்ந்தார், 1924இல் அதே மடத்தின் சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்றார். முப்பது வயதில் அதிபர் பதவியிலிருந்து மாணவனாக இறங்க எத்தனை பேருக்கு முடியும்? குமரப்பா 37 வயதில் ஆடிட் தொழிலை விட்டதும் அதே இறக்கம்தான்.

பின்னாளில், பேராதனையில் படித்த இலங்கைத் தமிழறிஞர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் பர்மிங்காம் போய், கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் பழந்தமிழ் பற்றி ஆராய்ந்தார்கள். தமிழறிஞர் அல்லாத ஒருவரிடம் தமிழை ஆராயப் போனார்கள் என்றால், அவர்களுக்கு வேண்டியது பாடமல்ல, பார்க்கும் முறை. 'நம்ம ஆள்' கணக்கில் இந்தத் தேர்வு எந்த வகையிலும் வராது. குமரப்பா காந்தியைத் தேர்ந்ததும் வராது. மதம் வேறு, மொழி வேறு, தொழில் வேறு.

'அண்ணே' என்றோ 'சேர்' என்றோ தொடங்கிக் கதவைத் தட்டலாம், அதில் வெட்கமில்லை. உள்ளே போனதும் மேசைமேல் வைக்கக் கையில் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆறு மாதம் ஒரு கடைக்குக் கணக்கு எழுதிப் பார்த்த நோட்டு, தானே வரைந்து பார்த்த ஒரு மனு, எதுவானாலும் சரி. கூட்டிக்கொண்டு போகும் பெரியவர் பேசட்டும். அந்த நோட்டைப் பையன் நீட்டட்டும்.

டி. கல்லுப்பட்டிக் குடிலில் குமரப்பா காந்தி படத்தைக் காட்டி, 'இவர் என் குரு' என்பாராம். ஓர் ஏழை விவசாயியின் படத்தைக் காட்டி, 'இவர் என் குருவின் குரு' என்பாராம். அந்த இரண்டாமவரை அவர் சபர்மதி மரத்தடியில் சந்திக்கவில்லை. மொழி தெரியாத மாத்தர் தாலுகாவில், ஊர் ஊராகக் கணக்கெடுத்துத் திரிந்தபோது சந்தித்தார்.