அரிய எழுத்தின் விலை: ஆத்திசூடி மரபை முன்வைத்துச் சொல்விளையாட்டு பற்றிய ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: மொழிமுதல் எழுத்து, ஆத்திசூடி, ஙகரம், ஔகாரம், போலி, சொல்விளையாட்டு

முன்னவர் சொன்ன சொல்லின் இறுதி எழுத்தைக் கொண்டு அடுத்தவர் ஒரு சொல்லைத் தொடங்கும் விளையாட்டு தமிழ்ச் சிறாரிடையே பரவலானது. அதனை ஊர்ப்பெயர்களைக் கொண்டு ஆடுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 'பள்ளிக்கரணை' என்றதும் ஆட்டம் நின்றுவிடும். 'ணை' என்று தொடங்கும் தமிழ்ச்சொல் இல்லை. சொல்லின் நடுவிலும் இறுதியிலும் இயல்பாக வழங்கும் ஓர் எழுத்து முதலிடத்தில் அறவே இல்லாமற்போவது தமிழ்ச் சொல்விளையாட்டின் அடிப்படைச் சிக்கலாகும். எழுத்தின் அருமையை எதனைக் கொண்டு அளப்பது என்னும் வினாவும் இதிலிருந்தே எழுகிறது.

தென்சென்னைப் புறநகரின் பன்னிரண்டு ஊர்ப்பெயர்களைச் சான்றாகக் கொள்ளலாம்: பள்ளிக்கரணை, மேடவாக்கம், பெரும்பாக்கம், வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நன்மங்கலம், மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், தாம்பரம். இவை அனைத்தும் க, ச, த, ந, ப, ம, வ என்னும் ஏழு வரிசைகளுக்குள் தொடங்குகின்றன. ஏழு பெயர்கள் மகர ஒற்றில் முடிகின்றன. எஞ்சிய ஐந்தும் ணை, ரி, டி, ர் ஆகியவற்றில் முடிகின்றன. அவற்றுள் ஒன்றுகூடத் தொல்காப்பிய நெறிப்படி மொழிமுதலாகாது. தொல்காப்பியர் மொழியிறுதிக்கு இசைவு தரும் பதினொரு மெய்களுள் ண், ன், ர், ல், ழ், ள் என்னும் ஆறும் உயிரேறிய நிலையிலும் முதலில் வாரா. எனவே எழுத்துத் தொடர் ஆட்டத்தில் முட்டுச்சந்து என்பது விபத்தன்று. மொழியின் அமைப்பிலேயே உள்ளது. அந்தாதித் தொடை எழுத்தோடு நில்லாமல் அசை, சீர், அடி எனத் தொடுக்கும் அலகை விரித்துக்கொண்டதை இந்தப் பின்னணியில் மீண்டும் நோக்குதல் தகும்.

ஆங்கிலத்தின் 'ஸ்கிராபிள்' வேறோர் அடிப்படையில் எழுந்தது. 1930களில் வேலையிழந்த கட்டடக்கலைஞரான ஆல்ஃபிரட் பட்ஸ் நாளிதழ்ப் பக்கங்களில் எழுத்துகளை எண்ணிப் பார்த்து, அரிதாக வருவனவற்றுக்கு மிகுந்த புள்ளிகளை வழங்கினார். அவ்வாறே 'க்யூ', 'இசட்' ஆகியவை பத்துப் புள்ளி பெற்றன. தேர்ந்த ஆட்டக்காரர் அவ்வெழுத்துகளைக் கையில் தேக்கிவைப்பதில்லை. இரண்டு மூன்று எழுத்துச் சிறு சொற்களில் வைத்து விரைவில் விலையாக்கிவிடுவர். இந்த உத்தி தமிழுக்குப் பொருந்துமா? நன்னூல் கூறும் ஓரெழுத்தொருமொழிகள் 42. அவற்றுள் ஞகரம் இல்லை, ஙகரம் இல்லை, ஔகாரமும் இல்லை. யகரத்துக்கு 'யா' ஒன்றே. நம் சிறு சொற்கள் மலிந்த எழுத்துகளிலேயே குவிந்துள்ளன. அரிய எழுத்தைக் கரையேற்றும் சிறு தோணி தமிழில் இல்லை என்றே சொல்லவேண்டும்.

நிகழ்வெண்ணை எண்ணிப் புள்ளி வழங்கும் முறையில் இன்னொரு குறையும் உண்டு. மேற்காட்டிய பெயர்களுள் பெருங்குடி, சோழிங்கநல்லூர், நன்மங்கலம் ஆகிய மூன்றில் 'ங்' வருகிறது. மூன்றிலும் அடுத்து நிற்பது ககர வரிசை. செம்மஞ்சேரியில் 'ஞ்' சகரத்தின் முன் நிற்கிறது. மெய்யையும் உயிரையும் தனித்தனி ஓடுகளாக்கினால் 'ங்' மலிவான ஓடு. ஆயினும் ககரம் கையில் இல்லாதவருக்கு அது வெறுஞ்சுமை. உயிர்மெய்யை ஓடாக்கினாலோ 'ஙீ', 'ஙௌ' போன்றவை எந்தச் சொல்லிலும் வைக்கவியலாத ஓடுகளாகும். அவற்றுக்கு நூறு புள்ளி தந்தாலும் பயன் சுழியமே. தமிழில் எழுத்தின் விலை அதன் எண்ணிக்கையைவிட, அது சொல்லுக்குள் நுழையும் வாயில்களைப் பொறுத்தது.

அந்த வாயில்களை முறையாகத் தேடிய நூலாக ஔவையாரின் ஆத்திசூடியைப் படிக்கலாம். நீதிநூல் என்ற அளவிலேயே அது பெரிதும் மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. நெடுங்கணக்கின் கட்டளைக்கு உட்பட்டுச் சொல் தேடிய ஆக்கம் என்ற வகையில் அது பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை. உயிர்வருக்கத்தை அடுத்துப் பதினெட்டு மெய்களுக்கும் ஓரடி அமைக்கவேண்டிய நெருக்கடியில் ஆசிரியர் மூன்று வழிகளைக் கையாள்கிறார்.

ட, ண, ய, ர, ல, ழ, ள, ற, ன என்னும் ஒன்பது இடங்களில் ஓர் உயிரை முன்னிறுத்தி, உரிய எழுத்தை இரண்டாமிடத்துக்குத் தள்ளுகிறார். ஐந்தில் இகரமும் நான்கில் அகரமும் துணைநிற்கின்றன. இணக்கம், இளமை, அறன் என எளிய சொற்கள் கிடைக்கின்றன. படிப்பவர் தடையை உணர்வதே இல்லை. ஞகரத்துக்கு இந்த ஊன்றுகோல் தேவைப்படவில்லை. நயம் என்பதன் முதற்போலியாகிய 'ஞயம்' அங்கே அமர்கிறது. ஞகரத்தோடு அகரம் சேர்ந்து மொழிமுதலாவதைத் தொல்காப்பியம் ஏற்கவில்லை, நன்னூல் ஏற்கிறது. இலக்கணம் நெகிழ்ந்த இடத்தில் ஆசிரியர் நுழைந்துகொள்கிறார்.

ஙகரத்துக்கு நன்னூல் தரும் இசைவோ சுட்டும் வினாவும் முன்நிற்கும் 'அங்ஙனம்', 'எங்ஙனம்' போன்றவற்றுக்கு மட்டுமே உரியது. 'அங்ஙனம்' என்று அகரத்தை முன்னிறுத்தியே ஓரடி அமைத்திருக்கலாம். ஆசிரியர் அவ்வாறு செய்யவில்லை. எழுத்தின் பெயரையே சொல்லாக்கி, அதனை உவமையாக்குகிறார். அவ்வடிக்கு இரு பொருள் வழங்குகின்றன. எழுத்தின் வரிவடிவம்போல் உடலை வளைத்து வணங்கு என்பது ஒன்று. தான் ஒன்றே வழக்கில் நின்று, வழங்காத தன் வரிசை முழுவதையும் ஙகரம் தாங்குவதுபோல் சுற்றத்தைத் தழுவிக்கொள் என்பது மற்றொன்று. பின்னதே வலியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. முன்னது எழுத்தின் உருவத்தோடு நின்றுவிடுகிறது. பின்னதிலோ எழுத்தின் பயனின்மையே அடியின் பொருளாகிறது. வைக்க இடமில்லாத ஓட்டை, இடமில்லை என்ற செய்தியாலேயே வைத்துக்காட்டும் திறன் இது.

ஔகாரத்தில் சிக்கல் வேறு. 'அவ்' என்பது அதற்குப் போலியாக நிற்குமாதலால் அதன் அருமை ஓரளவு எழுதுவோர் விருப்பத்தைச் சார்ந்தது. ஆத்திசூடி 'ஔவியம்' என்று எழுதும் சொல்லைத் திருக்குறள் (169) 'அவ்விய' என்று ஆள்கிறது; அங்கே எதுகை அவ்வடிவத்தை வேண்டுகிறது. ஆசிரியரின் பெயரே இருவகையாகவும் எழுதப்படுகிறது. சென்னையின் அவ்வை சண்முகம் சாலையை நினைவுகூர்க. ஆட்டத்தில் இவ்விரு வடிவங்களும் செல்லுமென்றால் ஔகாரத்தின் புள்ளியைக் குறைத்தாக வேண்டும்.

பாரதியின் புதிய ஆத்திசூடி இதே கட்டளையை வேறுவிதமாக எதிர்கொள்கிறது. ஊன்றுகோலுக்குரிய எழுத்துகளுள் ய, ர, ல ஆகியவற்றை மட்டும் நேரடியாக முதலில் வைத்து, எஞ்சியவற்றையும் ஙகரத்தையும் விட்டுவிடுகிறார். ரகர லகரங்களைப் பெரிதும் வடசொற்களால் நிரப்புகிறார். ஔகாரத்துக்கு ஔடதம், உயிர்மெய் நிலையில் சௌரியம், யௌவனம், ரௌத்திரம், லௌகிகம். ஞகரத்துக்கு மட்டும் பழந்தமிழ்க் களஞ்சியத்தைத் திறக்கிறார்: ஞமலி, ஞிமிறு. பல அடிகளில் எழுத்தை நிரப்பும் முனைப்பு வெளிப்படையாகத் தெரிகிறது. லகர வரிசை குறிப்பாக வலிந்து அமைந்தது. ஆனால் 'ரௌ' என்ற அரிய எழுத்தின் நெருக்கடி இல்லையென்றால் ரௌத்திரம் என்னும் சொல் ஒரு நீதியடிக்குள் வந்திருக்குமா என்பது ஐயமே. இன்று சட்டைகளில் அச்சாகும் அளவுக்குப் பரவிய அடி அது.

இவ்விரு நூல்களுக்கும் இடையில் மாறியிருப்பது எழுத்தன்று, ஏற்கப்படும் அகராதி. வகுப்பறைக்கெனச் சொல்லாட்டம் அமைக்கும் ஆசிரியர் முதலில் தீர்மானிக்கவேண்டியதும் அதுவே. ரயில், லாரி, டயர் ஆகியவற்றை ஏற்றால் ர, ல, ட வரிசைகளின் முதலிட விலை சரியும். மாணவர் ஞமலியையும் ஞிமிறையும் தேடவேண்டிய கட்டாயமோ அதனால் குறைவதில்லை. ஆய்தத்தின் நிலை இன்னும் சுவையானது. குற்றெழுத்துக்கும் வல்லின உயிர்மெய்க்கும் இடையில் மட்டுமே அதற்கு இடமுண்டு என்னும் பழைய நெறிக்குள் ஔவையார் தேர்ந்தது 'அஃகம்'. பாரதி ஆய்தத்துக்கு அடியே அமைக்கவில்லை. இன்றைய எழுத்து வழக்கில் அது பகரத்தோடு கூடி 'ஃபேன்', 'ஃபோன்' எனச் சொல்லின் முதலிலேயே நிற்கிறது. பழைய நெறியில் மிக உயர்ந்த புள்ளிக்குரிய அந்த ஓடு, இவ்வழக்கை ஏற்கும் ஆட்டத்தில் பகரம் கையிலுள்ள எவருக்கும் எளிதில் கைகூடும்.