சிலுவை, பிறை, படிகம்: ஒரு நிறுவனத்தின் முகமும் பேச்சும்

பத்தாம் தரத்துக்கு அறிக்கை எழுதப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த நாளில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், செஞ்சிலுவை எண்டா வேதக்காரங்கட சங்கமா?" "இல்ல மகள், அது எல்லாருக்கும் பொது" என்றேன். "அப்ப ஏன் சிலுவை?" என்றாள். மணி அடித்துவிட்டது, தப்பினேன். ஆனால் கேள்வி வீடுவரைக்கும் கூட வந்தது.

ஒரு நிறுவனம் தனக்குச் சூட்டும் பெயர், எடுக்கும் நிறம், வரையும் சின்னம், பேசும் தோரணை எல்லாமே வாசிக்கக்கூடிய பிரதிதான். அப்படிப் பார்த்தால் செஞ்சிலுவைச் சின்னம் உலகில் ஆகக் கூடுதலாக வாசிக்கப்பட்ட பிரதிகளில் ஒன்று. தவறாக வாசிக்கப்பட்டதும்தான்.

1864ஆம் ஆண்டு ஜெனீவா சமவாயம் வெள்ளைத் தளத்தில் சிவப்புச் சிலுவையை ஏற்றது. ஏன் அந்த வடிவம் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. சுவிற்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றிப்போட்டு அந்நாட்டைக் கௌரவித்த சின்னம் என்ற விளக்கம் 1906ஆம் ஆண்டுச் சமவாயத்தில்தான் சட்ட வாசகமாக வருகிறது. இடையில் நடந்தது முக்கியம். 1876இல் உதுமானியப் பேரரசு, சிலுவை முஸ்லிம் சிப்பாய்களின் மனதைப் புண்படுத்துகிறது என்று அறிவித்து, தன் பக்கத்துக்குச் செம்பிறையை எடுத்தது. எதிர்ப்பக்கத்தின் சிலுவையை மதிப்போம் என்றும் சொன்னது. ஆகவே, 'இது சமயச் சின்னம் அல்ல' என்ற வாதம் கேள்வி எழும்பிய பிறகு எழுத்தில் ஏறிய பதில். பொய் என்று நான் சொல்லவில்லை. பதில் பிந்தி வந்தது என்கிறேன்.

வடிவம் என்ற அளவில் அதைக் குறைசொல்ல முடியாது. ஒரு வெள்ளைத் துணி, இரண்டு சிவப்புக் கீற்று. போர்க்களத்தில் யாரும் செய்துவிடலாம். பாதுகாப்புக்காகக் காட்டும்போது சின்னம் பெரிதாக, எழுத்தெதுவும் இல்லாமல் இருக்கவேண்டும். சங்கத்தை அடையாளம் காட்ட மட்டும் என்றால் சிறிதாக, பெயரோடு. வாசிக்கத் தெரியாத சிப்பாய்க்கும் 'சுடாதே' என்பது விளங்கவேண்டும் அல்லவா? நமது ஊர் மருந்துக்கடைக்காரர்கள் அதைப் பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்வது சின்ன விசயமாகத் தெரியும். சின்னம் மலிந்தால் அந்தச் சொல் மங்கிவிடும்.

சிக்கல் வடிவத்தில் அல்ல, தமிழில் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'குரொஸ்' தேவாலய உச்சியில் இருப்பதையும் சொல்லும், குறுக்காகப் போட்ட இரண்டு கோட்டையும் சொல்லும். தமிழில் 'சிலுவை'க்கு அந்த இரண்டாவது வாழ்க்கை இல்லை. சுரியானி மொழிவழி வந்த அச்சொல் அரபியின் 'ஸலீபு'க்கு உறவு. நமது காதில் அது சிலுவைப் போர்களையும் சேர்த்தே கேட்கும். மாறாக 'பிறை' பழந்தமிழ்ச் சொல். சிவன் சூடியதும் பிறை, பெண்ணின் நெற்றிக்கு உவமை சொன்னதும் பிறை, நோன்புக்கு நாம் பார்ப்பதும் பிறை. குர்ஆன் பிறைகளைக் காலங்காட்டிகளாகச் சொல்கிறதே தவிர மார்க்கச் சின்னமாக அல்ல. அதாவது, தமிழில் 'செஞ்சிலுவை'தான் சமயப் பெயர். 'செம்பிறை' பொதுப் பெயர்! மொழிபெயர்த்தவர்கள் இதை யோசித்திருப்பார்களா தெரியாது.

இந்தோனேசியாவைப் பாருங்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையான அந்த நாடு செம்பிறையை எடுக்கவில்லை, சிலுவையையே வைத்திருக்கிறது. ஆனால் பெயர் 'பலாங் மேரா'. கிறிஸ்தவச் சிலுவைக்கு அங்கே 'ஸலிப்' என்ற சொல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, குறுக்குச் சட்டம் என்ற பொருளுள்ள 'பலாங்'கை எடுத்தார்கள். நமக்கு அப்படியொரு சொல் அமையவில்லை.

2005இல் ஏற்கப்பட்ட செம்படிகம் எந்தச் சமயமும் ஒட்டாத சின்னம். நுனியில் நிற்கும் ஒரு சிவப்புச் சதுரச் சட்டம். யாரையும் புண்படுத்தாது, யாருடைய மனதிலும் ஒட்டவும் இல்லை. நினைவே இல்லாத சொல்லில் கவிதை எழுதச் சொன்னதுபோல.

இனி, பேச்சு. 1965இல் வியன்னாவில் ஏற்ற ஏழு கொள்கைகளில் 'பாரபட்சமின்மை'யும் 'நடுநிலைமை'யும் தனித்தனி. காயப்பட்டவனை இனம், மதம் பாராமல் தேவையை மட்டும் பார்த்துத் தூக்குவது முதலாவது. சண்டையில் எந்தப் பக்கமும் சேராமலிருப்பது இரண்டாவது. நமது பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. முதலாவதை யார் மறுப்பார்? இரண்டாவதுதான் கசக்கும். செஞ்சிலுவைக் குழுவின் அறிக்கைகளில் அது இலக்கணமாகவே இறங்கிவிடுகிறது: வைத்தியசாலை தாக்கப்பட்டது, பொதுமக்கள் கொல்லப்பட்டனர். செயப்பாட்டு வினை, செய்தவர் வாக்கியத்துக்கு வெளியே. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் பற்றி 'கொல்லப்பட்டார்கள்' என்று மட்டும் ஒருவர் எழுதி நிறுத்தினால் நம்மில் எவரும் பொறுக்கமாட்டோம். நானும்தான்.

அதற்கு அவர்களிடம் நியாயம் உண்டு. விரலை நீட்டினால் சிறைக் கதவு மூடும், காயப்பட்டவனிடம் போகமுடியாது. ஆனால் அதே நியாயம்தான் 1942 ஒக்டோபர் 14ஆம் திகதி ஜெனீவாவில், தயாராக இருந்த பொது வேண்டுகோளை வெளியிடுவதில்லை என்று முடிவெடுக்கவும் வைத்தது. யூதர்கள் அழிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். அது தோல்வி என்று அந்த நிறுவனமே பின்னாளில் ஒப்புக்கொண்டது.

2009இல் நம் நாட்டில் வேறொன்று நடந்தது. புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டவர்களைக் கடல்வழியாக ஆயிரக்கணக்கில் ஏற்றி இறக்கியவர்கள், மே மாத நடுவில் அது கற்பனைக்கெட்டாத மனிதப் பேரழிவு என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அப்போதும் பழி யார்மீதும் போடவில்லை. ஆனாலும், வழக்கமாக வாயை அடக்கிப் பேசுகிற ஒருவர் சொன்னதால் அந்தச் சொல் பாரமாக விழுந்தது. கப்பல் போய்வரவேண்டியிருந்ததால்தான் எழுவாயை விட்டார்கள் என்று விளங்குகிறது. விளங்கினாலும், அந்த வாக்கியத்தை எனது வகுப்புக்கு மாதிரியாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.