சிறியவற்றில் ஸ்தோத்திரம்

நற்கருணைக்குக் கிரேக்கத்தில் வழங்கும் பெயர் 'யூக்கரிஸ்தியா'. நன்றி கூறுதல் என்பதே அதன் பொருள். வழிபாட்டின் நடுவிலேயே அப்பமும் நன்றியும் இருக்கும்போது, அன்றாடப் பொருள்களில் இறைவனைக் காணும் எழுத்து மேலைக் கிறித்தவ இலக்கியத்தில் தொடர்ந்து வந்ததில் வியப்பில்லை. வியப்புக்குரியது வேறொன்று: அதை எழுதியவர்களில் பலர் நோயிலும் வலியிலும் கிடந்தவர்கள்.

அசிசி பிரான்சிஸ் 1225 வாக்கில் படைப்புகளின் பாடலை இயற்றியபோது, கண்நோயால் வெளிச்சத்தையே தாங்க முடியாதிருந்தார். கதிரவனைச் சகோதரன் என்றும் தண்ணீரைச் சகோதரி என்றும் அழைத்து இறைவனைப் புகழும் அப்பாடல், இலத்தீனில் அல்லாமல் ஊரார் பேசிய உம்பிரிய வழக்கில் அமைந்தது. நெருப்பும் அதில் ஒரு சகோதரன். சிகிச்சைக்காகப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட வந்தபோது, தன்னிடம் கனிவாக இருக்கும்படி அந்த நெருப்பையே அவர் கேட்டுக்கொண்டதாக அவருடைய முதல் வரலாற்றாசிரியரான செலானோ தோமா எழுதுகிறார்.

இங்கிலாந்தில் ஜார்ஜ் ஹெர்பர்ட், பெமர்ட்டன் என்னும் சிற்றூரில் குருவானவராக இருந்து, காசநோயால் 1633இல் 39 வயதில் இறந்தார். அறையைக் கூட்டிப் பெருக்கும் பணியாளின் வேலையும் கடவுளுக்காகச் செய்தால் தூய்மை பெறும் என்பது அவருடைய கவிதைகளில் ஒன்றின் கருத்து. செருப்புத் தைப்பவரின் மகனான தாமஸ் டிரஹர்ன், கோதுமை வயலையும் தெருப் புழுதியையும் பேரின்பமாகக் கண்டார். 1674இல் அவர் இறந்து இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரே, லண்டன் பழைய புத்தகக் கடையொன்றில் அவருடைய கையெழுத்துப் படிகள் கிடைத்தன.

இந்த மரபின் உயிர்நிலை என்று சொல்லத்தக்கவர், எழுத்தாளராக என்றும் தம்மை எண்ணாத ஒரு சமையற்காரர். லொரேன் பகுதியில் பிறந்த நிக்கோலா எர்மான், 18 வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற மரமொன்றைப் பார்த்தார். அது மறுபடி தளிர்த்துப் பூக்கும் என்ற எண்ணமே அவரை இறைவனிடம் திருப்பியது. போரில் காயப்பட்டுக் கால் ஊனமான அவர், 1640இல் பாரிசு கார்மேல் துறவகத்தில் சேர்ந்து சகோதரர் லாரன்சு ஆனார். சமையலறை அவருக்கு இயல்பாகவே பிடிக்காத இடம். ஏறத்தாழ 15 ஆண்டுகள் அங்கேதான் உழைத்தார். ஆளுக்கொன்றாகக் கேட்டுக் கூச்சலிடும் அடுப்படிக்கும் முழந்தாளிட்டு ஜெபிக்கும் வேளைக்கும் அவர் வேறுபாடு காணவில்லை. சட்டியில் முட்டையைப் புரட்டிப்போடுவதும் அன்பின் செயல். வேலை முடிந்தால் தரையில் விழுந்து வணங்குவார். 1691இல் அவர் இறந்தபின், ஜோசப் த போஃபோர் என்னும் குரு அவருடைய உரையாடல்களையும் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டார். அளவில் சிறிய அந்நூலைக் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒருசேரப் போற்றுகின்றனர்.

அதே கார்மேல் சபையில் 15 வயதில் சேர்ந்தவர் லிசியூ தெரேசாள். தமிழகத்தில் பல பள்ளிகள் தாங்கியிருக்கும் 'சிறுமலர்' என்ற பெயர் இவருடையதே. துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிட்டபோது, துடைத்துக்கொண்டு விலகத் தோன்றியும் நின்று, அதைக் கொடையாக ஏற்றதைத் தம் வரலாற்றில் குறிக்கிறார். அப்பகுதியை எழுதிய 1897இல், நுரையீரல் காசநோயோடு விசுவாசத்தின் இருளும் அவரைச் சூழ்ந்திருந்தது. பேனா பிடிக்க வலுவின்றி இறுதி வரிகளைப் பென்சிலால் எழுதினார். அவ்வாண்டு செப்டம்பரில் 24 வயதில் இறந்தார்.