பை கிழிந்த கண்ணில் லென்ஸ் எங்கே நிற்கும்?

கண்புரை அறுவையில் மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய பைக்குள்ளேயே செயற்கை லென்ஸை உட்கார வைக்கிறார்கள். பை நன்றாக இருந்தால் கவலையில்லை. அடிபட்ட கண்ணிலும், மார்ஃபான் நோயால் பையைத் தாங்கும் நார்கள் தளர்ந்த கண்ணிலும், அறுவையின்போதே பை கிழிந்த கண்ணிலும்தான் சிக்கல். லென்ஸ் இல்லாமல் விட்டால் பழைய சோடாபுட்டிக் கண்ணாடி போட வேண்டும். ஒரு கண்ணுக்கு மட்டும் அது ஒத்துவராது. அந்தக் கண்ணில் உருவம் ஏறக்குறைய கால் பங்கு பெரிதாகத் தெரியும். இரு கண்ணின் காட்சியும் மூளையில் ஒன்றுசேராது. ஆகவே பை இல்லாத கண்ணுக்குள் லென்ஸை எதில் மாட்டுவது என்பது நோயாளியின் அன்றாட வாழ்க்கையைத் தொடுகிற கேள்வி.

இதற்குச் சென்னையிலிருந்து ஒரு பதில் வந்தது. 2007இல் டாக்டர் அமர் அகர்வால் செய்துகாட்டிய ‘குளூடு ஐஓஎல்’ (பசையிட்ட செயற்கை லென்ஸ்) முறை இன்று உலகெங்கும் தெரிந்த பெயர். வெள்விழியில் நேர் எதிரெதிராக இரண்டு இடங்களில் பாதிக் கனத்துக்கு மடல் எடுத்து, அவற்றின் அடியில் துளையிட்டு, லென்ஸின் ஓரத்தில் நீளும் இரு கால்களையும் வெளியே இழுத்து, வெள்விழிக்குள்ளேயே போட்ட நுண்ணிய சுரங்கத்தில் செருகிவிடுவார்கள். பிறகு ஃபைப்ரின் பசையால் மடலை ஒட்டுவார்கள்.

இதன் பெரிய பலம், நூலை நம்பாதது. அதற்கு முன் பரவலாக இருந்த முறையில் லென்ஸைப் பாலிபுரோப்பிலீன் நூலால் வெள்விழியோடு தைத்தார்கள். 10-0 என்ற அளவுள்ள அந்த நூல் தலைமுடியைவிட மெல்லியது. அது ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குள் கிடந்து நைந்து அறலாம். அப்போது லென்ஸ் சரிந்து விழித்திரைமேல் விழும். எழுபது வயதுக்காரருக்கு அந்த நூல் ஆயுள்வரை தாங்கிவிடலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தாங்கும்? இப்போது தடித்த 9-0 நூலுக்கும் கோர்-டெக்ஸ் நூலுக்கும் மாறியிருக்கிறார்கள். கோர்-டெக்ஸ் கண்ணுக்கென்று அங்கீகாரம் பெற்றதல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் ‘குளூடு’ என்ற பெயரே ஒரு தப்பெண்ணத்தை உண்டாக்குகிறது. லென்ஸைப் பிடித்து நிறுத்துவது பசையல்ல. ஃபைப்ரின் சில வாரங்களில் கரைந்துவிடும். நிலையாகப் பிடிப்பது சுரங்கத்தில் செருகிய கால்தான். பசையில்லாமல் சுரங்கத்தில் மட்டும் செருகும் முறையைக் காபோர் ஷாரியோத் அதே 2007இல் வெளியிட்டார். பசைக்குத் தனிச் செலவு உண்டு. அது மனித இரத்தப் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கப்படுவது. மடலை மூடவும் கசிவைத் தடுக்கவும் அது உதவுகிறது என்பது உண்மை. அதற்கு மேல் பெருமை தர வேண்டியதில்லை.

குளூடு முறையின் கடினம் கண்ணுக்குள் நடக்கும் கைமாற்றத்தில் இருக்கிறது. ஒரு நுண்ணிடுக்கி லென்ஸின் காலைப் பிடித்திருக்கும். எதிர்ப்பக்கத் துளை வழியாக இன்னொரு இடுக்கி நுழையும். காலின் நுனி கிடைக்கும்வரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவர்கள் இதை ‘ஹேண்ட்ஷேக்’ என்கிறார்கள். நுனியைப் பிடித்தால் கால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நடுவில் பிடித்து இழுத்தால் மடங்கும், முறியும். இரு துளைகளும் நேர் எதிரே அமையாவிட்டால் லென்ஸ் சாய்ந்து பார்வை கலங்கும்.

ஜப்பானின் ஷின் யமானே இரண்டு மெல்லிய ஊசிகளால் கால்களை வெளியே எடுத்து, நுனியைச் சூட்டால் உருக்கிக் குமிழாக்கி வெள்விழிக்குள் அழுத்தும் வழியைக் காட்டினார். மடலும் வேண்டாம், பசையும் வேண்டாம். வீடியோவில் பார்க்கச் சுலபம். ஊசியின் கோணம் சற்றே தவறினாலும் லென்ஸ் சாயும். குமிழ் மேலே துருத்தினால் கிருமி உள்ளே புக வழியாகும்.

கருவிழிக்கும் அதன் பின்னாலுள்ள ஐரிஸ் என்னும் நிறத் திரைக்கும் இடையே வைக்கும் முன்னறை லென்ஸை நான் இளையோருக்கு ஏற்கமாட்டேன். கருவிழியின் உள்பக்கச் செல்கள் அழிந்தால் மறுபடி வளரா. லென்ஸ் அவற்றுக்குப் பக்கத்திலேயே ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. மாறாக, நெதர்லாந்தின் யான் வோர்ஸ்ட் உருவாக்கிய ஐரிஸ்-கிளா லென்ஸ் நம் ஊர்களில் பெறும் மதிப்பு போதாது என்பேன். ஐரிஸ் சேதமில்லாமல் இருந்தால் அதன் பின்புறத்தில் நண்டுக்கொடுக்கு மாதிரி கவ்வ வைத்து அறுவையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வெட்டு பெரிது, தையல் வேண்டும் என்பவை குறைகள்தான். ஆனாலும் வயதானவருக்கு மேசையில் கிடக்கும் நேரம் குறைவது பெரிய நன்மை.

அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2003இலும் 2020இலும் அந்தந்தக் காலத்தில் இருந்த முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. ஒன்று மற்றதைவிட மேல் என்று சொல்லச் சான்று இல்லை என்பதே இருமுறையும் அதன் முடிவு. அப்படியானால் முறையின் பெயரைவிட, நோயாளியின் வயதும் ஐரிஸின் நிலையும் மருத்துவரின் கைப்பழக்கமும்தான் தீர்மானிக்க வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அந்த லென்ஸ் எப்படி இருக்கிறது என்ற பதிவைத்தான் ஒவ்வொரு மருத்துவமனையும் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் அழகான அறுவை வீடியோக்களை மட்டும் வைத்து முறைகளைத் தரம் பிரிக்க முடியாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிப் பை இல்லாத கண்ணில் லென்ஸ் வைத்திருந்தால், அது எந்த வகை, எதில் மாட்டப்பட்டது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஆண்டுக்கொருமுறை காட்டுங்கள்.