எழுவாய் இல்லாத கல்

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட் அருகே நிற்கும் போர் நினைவுச் சின்னத்தை நாள்தோறும் பல்லாயிரவர் கடந்து செல்கின்றனர். நின்று படிப்போர் மிகச் சிலர். படித்தாலும் கிடைப்பவை இரண்டே எண்கள். 1914இல் மூண்ட பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து சென்றவர் 302 பேர். அவருள் உயிர் நீத்தவர் 41 பேர்.

ஏடுகளைத் திறனாயும் நாம் இன்று இக்கல்லெழுத்தைத் திறனாய்வோம். இதில் வினை உண்டு, எண் உண்டு, எழுவாய் இல்லை! சென்றவன் யார்? செத்தவன் யார்? அவனுக்காகக் காத்திருந்த தாய் எந்தத் தெருவினள்? கல் வாய் திறக்கவில்லை.

காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் செல்வோம். அங்கே கோயிற் சுவர்களில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள்! விளக்கெரிக்கப் பொன் தந்தவன் பெயரும் நிலம் விட்டவன் பெயரும் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. பொன் ஈந்தவனுக்குப் பெயர். உயிர் ஈந்தவனுக்கு எண்ணிக்கை!

சாமானியப் போர்வீரனின் பெயரைக் கல்லில் பொறிப்பது நமக்குப் புதிய வழக்கா? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகல் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. கூடலூர் ஆநிரைப் பூசலில் மாண்டவனை அது தீயன் அந்தவன் என்று பெயர் சொல்லி அழைக்கிறது.

கடல் கடந்து மாண்டவனுக்குப் பேரரசு அதைச் செய்யவில்லை. மறதியா? அன்று, வகுத்துக்கொண்ட முறை! ஈராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் வெள்ளைச் சிப்பாய்க்கும் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் உண்டு. இந்தியச் சிப்பாயோ படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்ற கணக்கில் அடங்கினான். 45,000 முதல் 54,000 வரையிலானோர் இவ்வாறு சமமின்றி நினைவுகூரப்பட்டனர் என்று, காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பெயர் தெரியாமலா போயிற்று? அப்போருக்காக வழங்கிய வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் வீரனின் பெயரைப் பொறித்தவர்களும் அவர்களே அன்றோ?

“ஏகாதிபத்தியப் போரில் கூலிக்குச் சென்றவனுக்கு நாம் ஏன் பரிந்து பேச வேண்டும்?” என்று தோழர் சிலர் கேட்கலாம். முறையான கேள்வி. அப்போரை நாம் போற்றவில்லை. ஆனால், பெயரற்ற பிணத்தின்மீது எவரும் எந்தப் பொய்யையும் போர்த்தலாம். அரசருக்காக மகிழ்ந்து மாண்டான் என்றும் எழுதலாம். பெயர் கிடைத்தால்தான் எந்தச் சேரியிலிருந்து, எந்த வறுமை துரத்தி, எவர் சொல் கேட்டுச் சென்றான் என்று நாம் வினவ முடியும். வினாவுக்கு இடங்கொடாத நினைவு வெறும் சடங்கு.

ஆதலின், மலர்வளையத்தோடு கடமை முடிந்ததெனக் கருதற்க. திருச்சித் தோழர்களே! பழம்பெட்டிகளில் கிடக்கும் பதக்கங்களின் விளிம்பைப் படியுங்கள், முதியோரைக் கேளுங்கள், ஆவணங்களைத் துருவுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் அதை அக்கல்லின் அருகே பொறிக்கச் செய்வோம். எஞ்சிய 40 பேரைத் தேடும் பணி அங்கிருந்து தொடங்கட்டும்.